மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவள்

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவளை இன்னும் காணவில்லை. ஜெசிந்தா எழுந்து எதிர் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டாள், ஜன்னல் வெளிச்சம் வருகிறவளின் முகத்தில் அடிக்காதபடி. பிறகு அது சுவரைப் பார்த்துக்கொண்டு தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நிற்பதாகத் தோன்றவே பழையபடி திருப்பி வைத்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. வருகிறவர்களுக்கு அது இடைஞ்சலாக இருக்கும், ஆள் கூப்பிட்டு எண்ணெய் விடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வருகிறவர்கள் என்று பன்மையில் நினைத்ததில் அவளுக்கே சிரிப்பு வந்தது. இன்றைக்கு இந்த ஒருத்திதான், அவளும் வருவாளோ மாட்டாளோ. கீழே புத்தூர் நால்ரோட்டில் பேருந்துகள் ஒன்றை ஒன்று அதட்டிக்கொண்டு திரும்பின. மாடிக்கு அடியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள், பெரிய எழுத்துகளைக் கம்பீரமாகவும் சின்ன எழுத்துகளைச் சந்தேகத்தோடும். அந்தக் கடைக்கு வருகிறவர்களுக்குத் தங்களுக்கு என்ன குறை என்று தெரிகிறது, வாசலில் நின்று யோசிப்பதில்லை, நேராக உள்ளே போய் உட்கார்ந்து கண்ணு சரியாத் தெரியலங்க என்கிறார்கள். மனசு சரியில்லைங்க என்று அப்படி யார் வந்து சொல்கிறார்கள். அதுவும் மாடி ஏறி.

நேற்றுக் காலை அவள் போன் பண்ணினபோது பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பேச்சு வெளியே கேட்காமலிருக்கத் திறந்துவிட்ட தண்ணீர் என்று ஜெசிந்தாவுக்கு உடனே புரிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் ஆலோசகராக வேலை பார்த்த காலத்திலேயே இப்படிக் குளியலறையிலிருந்து பேசின பெண்கள் எத்தனையோ பேர். "குழந்தை டாக்டர் கிளினிக்ல சிஸ்டர் நம்பர் குடுத்தாங்க மேடம்," என்றாள். சின்ன வயசுக் குரல். என்ன விஷயம் என்று கேட்டதற்கு நேரில் சொல்கிறேன் என்றாள். பெயர் சுகந்தி என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர்ச் சத்தம். அதற்குப் பிறகுதான் கேட்டாள்: "நான் சொல்றத நீங்க போலீஸ்ல எல்லாம் சொல்ல மாட்டீங்கள்ல?" அங்கேதான் ஜெசிந்தா அந்த வாக்கியத்தைச் சொன்னாள். எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகின வாக்கியம், சொல்லியே ஆக வேண்டிய வாக்கியம். "நீங்க சொல்றது எங்கிட்டயே இருக்கும்மா. யார் உயிருக்காவது ஆபத்துன்னா ஒழிய." மறுபக்கம் தண்ணீர்ச் சத்தம் இன்னும் பலமானது. பிறகு, "சரி, நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன், நீங்க இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க," என்று வைத்துவிட்டாள். அந்த 'ஒழிய' நேற்றிலிருந்து மீன்முள் மாதிரி இவள் தொண்டையில் நிற்கிறது. போனில் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ. நேரில் வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டாளே. கேட்டவளுக்குப் பாதி உண்மையைச் சொல்லி வரவழைத்தால் அது தூண்டில் போடுவது. சொன்னது சரி. சரியானதைச் சொல்லித்தான் அவளை விரட்டிவிட்டோமோ. சரியாக இருந்து என்ன, நாற்காலி காலியாக இருக்கிறதே. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை செக்குமாடு மாதிரி மறுபடி தண்ணீர்ச் சத்தத்திலிருந்து தொடங்கியது.

ஜெசிந்தாவின் கணவன் ஸ்டீபன் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவன், எதையும் இரண்டு பக்கமும் சமன் செய்துதான் பேசுவான். "ஆஸ்பத்திரில ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம்தான் குடுக்குறாங்கன்னு அழுத. இங்க நேரம் நெறைய இருக்கு, ஆள்தான் இல்ல. வருவாங்க ஜெசி," என்று நேற்று ராத்திரி சொன்னான். வந்தார்கள், வராமல் இல்லை. முதல் முதலில் வந்தவர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் "மனநல ஆலோசனை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடித்தவர் ரெண்டு சுழிக்கு மூணு சுழி போட்டுவிட்டார். மணநல ஆலோசனை என்று நீலத்தில் பளபளவென்று மாட்டியாகிவிட்டது, மாட்டின பிறகுதான் எதிர்ச் சாரியில் நின்று படித்துப் பார்த்தாள். புதுசு அடித்து வருகிற வரைக்கும் அது தொங்கியது. அந்தச் சில நாட்களில் மாடி ஏறின கூட்டம் பிறகு எந்த மாதத்திலும் ஏறவில்லை. ஜாதகமும் கையுமாக வந்தார்கள், பையன் போட்டோவும் கையுமாக வந்தார்கள். ஒருவர் நல்ல இடமாக இருந்தால் ரெண்டாம் தாரமும் பரவாயில்லை என்று தன் கல்யாணத்துக்கே வந்தார். ஒவ்வொருவரிடமும் இது வேறம்மா, இது வேறங்கய்யா என்று சொல்லி அனுப்பினாள். லோகாம்பாள் என்ற அம்மாள் மட்டும் போகவில்லை. மகளுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது, வரன் இருக்கா என்று கேட்டு வந்தவர், விஷயத்தைச் சொன்னதும் அப்படியா என்று ஜாதகத்தை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார், எழுந்திருக்கவில்லை. குடிக்கத் தண்ணி குடுங்க என்றார். குடித்துவிட்டு, "மனசுக்குன்னா என்ன கேப்பீங்க?" என்றார். ஒண்ணும் கேக்க மாட்டேன், நீங்க சொல்றதக் கேட்டுக்குவேன் என்றாள் ஜெசிந்தா. சொன்னார். மகளைப் பற்றி அல்ல, இருபது வருஷமாகத் தன்னோடு ஒரு வார்த்தை பேசாத தம்பியைப் பற்றி. தெருவிளக்கு போடுகிற வரைக்கும் சொன்னார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும். பிறகு தன் ஓரகத்தியைக் கூட்டிவந்தார், அவர் மூலம் ஒரு வங்கிக்காரப் பெண் வந்தாள். ஒரு எழுத்துப் பிழையிலிருந்து கிளைத்துத்தான் இந்த அறைக்கு இன்றைக்கு உயிர் இருக்கிறது. சரியான போர்டைப் பார்த்துவிட்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. சிலர் போர்டைப் பார்க்கிறார்கள், இரண்டு பக்கமும் தெருவைப் பார்க்கிறார்கள், பிறகு செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துவிட்டு நடந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் அவளே தன் கார்டுகளை எடுத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் மட்டும் காது சூடாகிவிடும். தில்லைநகரில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக்கில் மருந்துக் கம்பெனி ரெப்புகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள், எல்லோர் மடியிலும் கறுப்புப் பை, இவள் மடியில் மட்டும் கைப்பை. பக்கத்திலிருந்தவன் மரியாதையாக, "மேடம் எந்தக் கம்பெனி?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது. நான் மருந்து விக்கலப்பா. அப்ப என்ன மேடம் விக்கிறீங்க. அவன் அப்படிக் கேட்கவில்லை, இவள்தான் கேட்டுக்கொண்டாள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டாக்டர் கார்டை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, "ரெஃபர் பண்றேம்மா," என்றார், பெயரைக்கூடப் படிக்கவில்லை. வெளியே வந்தபோது சீட்டுப் போடுகிற இடத்தில் இருந்த சிஸ்டர் அமலி, "எனக்கும் ரெண்டு குடுங்க," என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். "தடுப்பூசி போட வர்ற பிள்ளைங்கள எல்லாரும் பாக்குறோம். தூக்கிட்டு வர்றவ மூஞ்சிய யாரு பாக்குறா?" என்றாள். அந்தக் கார்டில் ஒன்றுதான் நேற்றுத் தண்ணீர்ச் சத்தத்தோடு பேசியிருக்கிறது.

வந்தவர்கள் நிற்பார்கள் என்று மட்டும் என்ன நிச்சயம். நாராயணமூர்த்தி என்று ஒருவர், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆறேழு தடவை வந்தார். மனைவி இறந்த பிறகும் காலையில் இரண்டு காபி கலந்துவிடுகிறேன் என்று சொல்லி அழுதார். பிறகு வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. போன மாதம் காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவளும் குனிந்து ஒரு கத்தரிக்காயை, பெண் பார்க்க வந்தவள் மாதிரி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியில் பார்த்தால் தானாக வணக்கம் சொல்லக் கூடாது, அவர்களாகப் பேசினால்தான் பேச வேண்டும், அது இந்தத் தொழிலின் நாகரிகம். அவர் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். கால் கிலோ என்றால் ஒருத்தருக்குச் சமைக்கிறார். சமைக்கிறாரே, அதுவே தேறினதற்கு அடையாளம்தானே. இல்லை, அதுவும் ஒரு பழக்கமா. இப்போது ஒரு காபிதான் கலக்கிறாரா. இந்தத் தொழிலில் பாதிக் கதை படித்த புத்தகங்கள்தான் அலமாரி முழுக்க இருக்கின்றன. கடைசிப் பக்கத்தை யாரும் கொண்டுவந்து தருவதில்லை. வெட்கத்தில் முகத்தைத் திருப்பினாரா, இல்லை, நலமாகிவிட்டவருக்கு நோயாக இருந்த நாளை நினைவூட்டுகிற முகம் வேண்டாமா. எப்படியானாலும் கத்தரிக்காய் நன்றாக இருந்தது, அன்றைக்கு எண்ணெய்க் குழம்பு வைத்தாள்.

மணி மூன்றரையைத் தாண்டியிருக்கும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குழந்தை டாக்டர் கிளினிக். போலீஸ். யார் உயிருக்காவது. இந்த மூன்றையும் வரிசையாக வைத்தால் என்ன வருகிறது. அந்தப் பெண்ணை யாராவது அடிக்கிறார்களா, குழந்தையை அடிக்கிறார்களா, அல்லது. அந்த 'அல்லது'வுக்குப் பக்கத்தில் போனதும் மனது மாடு மிரள்வது போலப் பின்வாங்கியது. கூப்பிடாதே என்று சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டால் போன் யார் கையில் இருக்குமோ, மாமியார் கையிலா, கணவன் கையிலா, ஒரு அழைப்பினாலேயே அவளுக்கு அங்கே கதவு மூடிவிடலாம். கூப்பிடாமல் இருந்தால், நாளைக்குப் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில். வேண்டாம். அமலி சிஸ்டரைக் கேட்கலாம். கேட்டால் சுகந்தியின் ரகசியம் கிளினிக் வரைக்கும் போய்விடும். உதவி செய்யவென்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற தனக்கு, ஒரு போன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதுதான் முக்கால்வாசி வேலை என்று தோன்றியது. வராதவர்களுக்காகவும் பயப்பட வேண்டும். வராதவர்களுக்காகத்தான் அதிகமாகப் பயப்பட வேண்டியிருக்கிறது. அப்போது படிக்கட்டில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களாக இருக்கும் என்று காத்திருந்தாள். சிணுங்கல் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். படி திரும்புகிற இடத்தில், சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து இருக்கும். துப்பட்டாவால் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அதற்கு மேல் இரண்டு கையாலும் இறுக்கியிருந்தாள். கைப்பிடிக் கம்பி இந்தப் பக்கம் இருந்தது, அவள் அதைத் தொடவே பயந்தவளாக அந்தப் பக்கச் சுவரில் இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"சுகந்தியா? வாங்கம்மா. நான்தான் ஜெசிந்தா."

"மேடம், இவன வாங்கிக்கங்க," என்றாள் அந்தப் பெண். "சீக்கிரம் வாங்கிக்கங்க. எனக்குக் கை நடுங்குது."

ஜெசிந்தா இறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை வாங்கினாள். மூன்று மாதம் இருக்கும், பவுடர் வாசனையும் பால் புளித்த வாசனையுமாக வெதுவெதுப்பாக இருந்தான். கை காலியானதும் அந்தப் பெண் கிடுகிடுவென்று ஏறிவந்து நாற்காலியில் விழுந்தாள். உட்கார்ந்தபடியே, ஜன்னல் கண்ணில் படாதபடி நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"வீட்ல ஊசி போடணும்னு சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "மூணு மணிக்கே வந்துட்டேன் மேடம். படியப் பாத்ததும் ஏற முடியல. கீழயே ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் பாதி ஏறிட்டேன், அதுக்கு மேல ஏறவும் முடியல, எறங்கவும் முடியல."

"படின்னா என்ன தோணுது?"

சுகந்தி தரையைப் பார்த்தாள். ஜெசிந்தா காத்திருந்தாள். கையில் குழந்தை அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. இந்த மாதிரி மௌனத்தில் அவசரப்பட்டு ஒரு வார்த்தையை வைத்துவிட்டால் அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்கள், அதனால் காத்திருந்தாள், மின்விசிறி முனகிக்கொண்டே இருந்தது.

"போட்ருவேன்னு," என்றாள் சுகந்தி. "இவனக் கீழ போட்ருவேன்னு தோணுது. என் கை தானா விட்ருற மாதிரி. படமா வருது மேடம், கண்ணு முன்னாடி. எங்க வீட்ல மேல மாடி இருக்கு. துணி காயப்போட மேல போறதில்ல, பால்கனிப் பக்கம் போறதில்ல. காய் நறுக்குறதில்ல. கையில கத்தி இருந்தா வேற மாதிரிப் படம் வருது. எங்க மாமியா என்னச் சோம்பேறின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவர் திருப்பூர்ல வேல பாக்குறாரு, வாரக் கடைசில வருவாரு, அவர்கிட்ட எப்படிச் சொல்றது. பெத்த தாய்க்கு இப்படித் தோணுமா மேடம். நான் ராட்சசியா?"

ஜெசிந்தாவுக்குள் ஒன்று விழித்துக்கொண்டது, கேட்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிற அந்தப் பழக்கப்பட்ட நிதானம். "அப்படிச் செய்யின்னு யாராவது காதுல சொல்ற மாதிரி இருக்கா?"

"இல்ல. என் நெனப்புதான்."

"அந்தப் படம் வரும்போது செய்யணும்னு ஆசையா இருக்கா?"

சுகந்தி தலையை வெடுக்கென்று நிமிர்த்தினாள். "அய்யோ, இல்ல மேடம். செத்துரலாம் போல இருக்கும்."

"செத்துரணும்னு நினைச்சிருக்கீங்களா?"

"நான் போயிட்டா இவன யாரு பாத்துக்குவா?" என்றாள், அதைக்கூட இவள் கேட்கிறாளே என்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமே இல்லாமல், அழுது அழுது பழகின அழுகை.

ஜெசிந்தா அழட்டும் என்று விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சுகந்தி, பிள்ளை பெத்த நெறையப் பேருக்கு இப்படிப் படம் வரும். யாரும் வெளிய சொல்றதில்ல, அதனால நமக்கு மட்டும்தான்னு தோணும். நெனப்பு வர்றது வேற, செய்ய நினைக்கிறது வேற. செய்யிறவங்க இப்படிச் சுவத்த ஒட்டி நிக்க மாட்டாங்க. நீங்க அவனக் காப்பாத்திக்கிட்டே இருக்கீங்க, அதுல களைச்சுப் போயிட்டீங்க."

"போலீஸ்..."

"இதுல போலீஸுக்கு என்னம்மா வேலை? நான் டாக்டர் இல்ல. உங்க தூக்கத்துக்கு ஒரு லேடி டாக்டரையும் பாத்துருவோம், நானே கூட வர்றேன். எப்பத் தூங்குனீங்க கடைசியா?"

சுகந்தி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் குழம்பியது. "தூங்குனா கை என்ன பண்ணுமோன்னு பயம்," என்றாள். "உக்காந்தே இருப்பேன். அவனப் பாத்துக்கிட்டு."

"இப்ப அவன் எங்கிட்ட இருக்கான்," என்றாள் ஜெசிந்தா. "கதவு சாத்தியிருக்கு. கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க. பேசுறத அப்புறம் பேசிக்கலாம்."

அவள் மறுத்துப் பார்ப்பாள் என்று நினைத்தாள். மறுக்கவில்லை. நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்தாள், வாய் லேசாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஒரே இறக்கமாகத் தூக்கத்துக்குள் போய்விட்டாள்.

ஜெசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தாள். எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பெயர் இருக்காது, வந்தவரைப் பேசவிடாமல் தூங்கவைப்பதற்கு. இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து ஆட ஆரம்பித்தது. எத்தனை வருஷம் ஆனாலும் இடுப்புக்கு இது மறப்பதில்லை. பன்னிரண்டு வயதில் பழகின ஆட்டம். பாலக்கரை வீட்டில் அக்கா ரோசலி பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான், யாரோடும் பேசவில்லை, பிள்ளையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டால் ஒதுங்கி ஒதுங்கிக் கட்டிலின் ஓரத்துக்குப் போய்விடுவாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள், அப்பா கோபித்தார், பக்கத்து வீட்டார் கண் திருஷ்டி என்றார்கள். ஜெசிந்தாதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள், பள்ளிக்கூடம்கூடப் போகாமல். ஒரு நாள் அக்கா எழுந்து தலை குளித்து வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. அக்கா அதைப் பற்றிப் பேசினதே இல்லை, இவளும் கேட்டதில்லை. ஊரார் மனசையெல்லாம் கேட்கக் கற்றுக்கொண்டவள் அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் ஒதுங்கினது பிள்ளை பிடிக்காமல் என்றுதான் வீடே நினைத்தது. பிடிக்காமல் இல்லை. தன் கையைத் தானே நம்பாமல் ஒதுங்கியிருப்பாள். அந்தக் கட்டில் ஓரம்தான் அவளுக்குக் கிடைத்த சுவர். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து என்னக்கா தோணுது உனக்கு என்று கேட்டிருந்தால் போதும். ஜெசிந்தாவுக்குக் கண் கரித்தது. தோளில் இருந்தவன் பெரிய மனிதன் போல ஒரு ஏப்பம் விட்டுவிட்டு உறங்கிப்போனான்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நடந்து நடந்து கால் வலிக்கவே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் தூங்கினார்கள், ஒருவர் மூச்சு நீளமாகவும் ஒருவர் மூச்சு குட்டையாகவும். இவள் திரும்ப வருவாளா, நாலு பேரிடம் சொல்வாளா, இந்த அறை நிலைக்குமா என்கிற வழக்கமான கேள்விகள் ஒன்றையும் காணோம் என்பதை ஜெசிந்தா கவனித்தாள். கவனித்ததும் அவை திரும்பி வந்துவிடுமோ என்று பார்த்தாள். வரவில்லை. குழந்தையின் உச்சந்தலையில் அந்த மெத்தென்ற இடம் துடித்து அடங்கி, துடித்து அடங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவன்தான் முதலில் விழித்தான். உதட்டைச் சப்பினான், ஜெசிந்தாவின் சேலையில் மூக்கைத் தேய்த்துத் தேடினான், கிடைக்கவில்லை என்றதும் வீரிட்டான். சுகந்தி பதறி எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. தன் காலியான இரண்டு கைகளையும் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. பிறகு சத்தம் வந்த பக்கம் திரும்பினாள், குழந்தையைப் பார்த்தாள், தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை, குழந்தையை நீட்டவும் இல்லை. அவளாகக் கேட்டு வாங்கட்டும் என்று இருந்தாள். அவன் அழுகை ஒரு கட்டை மேலே ஏறியது. சுகந்தியின் சட்டையில் இரண்டு இடத்தில் ஈரம் வட்டமாகப் பரவத் தொடங்கியிருந்தது. அவள் தன் உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள், முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"குடுங்கக்கா," என்றாள். "அவனுக்குப் பசிக்குது."

ஜெசிந்தா அவனைக் கொடுத்துவிட்டு, போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.